மாடி வீட்டுக் களிமண் கொலு

என் வேலையில் மனிதர்களின் முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் இருந்ததில்லை. தொண்ணூறுகளில் மயிலாப்பூரில் ஒரு மாடி போர்ஷனில் குடியிருந்துகொண்டு, அடையாற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு மருத்துவமனையில் படம் பார்த்துச் சொல்லும் டாக்டராக இருந்தேன். ஊசி போடாத டாக்டர், நாடி பிடிக்காத டாக்டர். எக்ஸ்ரே, ஸ்கேன், ஆஞ்சியோ என்று படங்கள் என் மேஜைக்கு வரும். விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்த்து, இது இன்னது என்று நாலு வரி எழுதி அனுப்புவேன். அதைப் படித்துவிட்டு யாரோ அழுவார்கள், யாரோ பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பார்கள். எனக்கு எதுவும் தெரியவராது. டீ ஆறிப்போயிருக்கும். அடுத்த படம் வரும்.

அந்தப் படங்களில் ஒரே ஒரு வகையின்மேல் எனக்குப் பைத்தியம். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயின் சுவர் ஓரிடத்தில் நைந்துபோய், சைக்கிள் டியூப் புடைப்பதுபோல வெளியே புடைத்து நிற்கும். அனியூரிசம் என்பார்கள். பலருக்கு அது இருப்பதே தெரியாது. வெடித்தால்தான் தெரியும், வெடித்த பிறகு தெரிந்து பல நேரம் பயனில்லை. முன்கூட்டியே கண்டுபிடித்துவிட்டால் இரண்டு வழி உண்டு. மண்டையோட்டைத் திறந்து, புடைப்பின் கழுத்தில் ஒரு கிளிப்பைப் போட்டு இறுக்கிவிடலாம். இல்லையென்றால், அப்போதுதான் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்திருந்த புது முறைப்படி, தொடை வழியாக ஒரு மெல்லிய குழாயை மூளைவரை செலுத்தி, புடைப்புக்குள் பிளாட்டினக் கம்பிச் சுருளைத் திணித்து அடைத்துவிடலாம். எந்த வழி யாருக்கு எடுபடும், அடைத்தது நிற்குமா, மறுபடி திறந்துகொள்ளுமா என்பதையெல்லாம் புடைப்பின் வடிவத்தைப் பார்த்தே ஓரளவுக்குச் சொல்லலாம். அந்த ஓரளவை இன்னும் கொஞ்சம் கூட்ட முடியுமா என்பதுதான் என் பைத்தியம்.

எனக்கு அது வசப்பட்டதற்குக் காரணம் நான் பாத்திரக் கடைக்காரர் மகள் என்பதாக இருக்கலாம். எங்களுடையது தெற்கேயிருந்து வந்து தி.நகரில் கடை போட்ட குடும்பம். நான் நடை பழகியதே பித்தளைக் குடங்களுக்கும் எவர்சில்வர் அடுக்குகளுக்கும் நடுவில்தான். வாய் குறுகி வயிறு பெருத்த புடைப்பைக் கண்டால் எனக்கு அது சொம்பு. சொம்புக்குள் சுருளைத் திணித்தால் உள்ளேயே கிடக்கும். வாய் அகன்றிருந்தால் கிண்ணம். கிண்ணத்துக்குள் சுருள் நிற்காது. வழிந்து வந்து நல்ல குழாயையும் அடைத்துத் தொலைக்கும். சிலவற்றின் தலையில் இன்னொரு குட்டிப் புடைப்பு, மூடியின் குமிழ் மாதிரி இருக்கும். அது சீக்கிரம் வெடிக்கும் ரகம். எங்கள் துறைத் தலைவர் கழுத்துக்கும் வயிற்றுக்கும் விகிதம் போட்டு விளக்குவார். நான் பவ்யமாகத் தலையாட்டிவிட்டு, மனதுக்குள் சொம்பு, கிண்ணம் என்று பிரித்துக்கொள்வேன்.

அந்தக் கடைக்கும் எனக்கும் போக்குவரத்து நின்றுபோய் வெகுகாலம் ஆகியிருந்தது. அண்ணன்கள் கொண்டுவந்த மாப்பிள்ளைகளை ஒவ்வொருவராக வேண்டாம் என்றேன். அப்பா இருந்தவரை அந்த வீட்டில் இருந்தேன். அவர் போன பிறகு, எனக்குச் சாப்பாட்டுத் தட்டு வைக்கும் ஓசையே மாறிவிட்டது. ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு மயிலாப்பூருக்கு வந்தேன். யாரும் தடுக்கவில்லை. பிறகு ஒரு தீபாவளிச் சமயத்தில் கூட்டத்தோடு கூட்டமாகக் கடை வாசலில் போய் நின்றேன். புதிதாகச் சேர்ந்திருந்த விற்பனையாள், "வாங்கக்கா, உள்ள வந்து பாருங்க. குக்கரா, குடமா?" என்று கேட்டார். சும்மாதான் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் பிடித்தேன். வழியெல்லாம் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்றுதான் விளங்கவில்லை.

படம் தட்டை, புடைப்போ உருண்டை. இது எனக்கு ஆறவே ஆறாத குறை. அந்தக் காலத்தில் முன்னாலிருந்து ஒரு படம், பக்கவாட்டிலிருந்து ஒரு படம். நடுவில் இருப்பதை நாமே மனதில் இட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும். ஒரு விநாயகர் சதுர்த்திச் சமயத்தில் மாட வீதியில் நடந்து வந்துகொண்டிருந்தபோது, பிள்ளையார் அச்சு அழுத்திக்கொண்டிருந்தவரிடம் ஈரக் களிமண் குவியலாகக் கிடந்தது. நின்று, இரண்டு உருண்டை மண் கேட்டேன்.

"புள்ளையாரு வாணாவா?"

"வேண்டாங்க. வெறும் மண்ணு போதும்."

"ஊரே சாமி வாங்கிக்கினு போவுது. நீ இன்னாம்மா மண்ண வாங்கிக்கினு போற?" என்று சிரித்தபடி வாழையிலையில் சுற்றிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து என் சாயங்காலங்கள் மண்ணோடு போயின. படத்தை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வைத்துக்கொண்டு, ரத்தக் குழாய்க்கு ஒரு துண்டு, அதன்மேல் புடைப்புக்கு ஒரு உருண்டை என்று உருட்டி ஒட்டுவேன். அசலைவிடப் பத்துப் பதினைந்து மடங்கு பெரிதாக, மாம்பிஞ்சு அளவுக்கு இருக்கும். கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கிற சுகம் படத்தில் கிடையாது. அடிப்பக்கத்தில் கொண்டை ஊசியால் ஒரு கீறல் போடுவேன். நேர்கோடு என்றால் சுருள் நிற்கும், பெருக்கல் குறி என்றால் நிற்காது. முந்தைய குடித்தனக்காரர் விட்டுப்போன பூந்தொட்டி ஸ்டாண்ட் ஒன்று முன்னறையில் கிடந்தது, மூன்று படி வைத்தது. அதன்மேல் பழைய வெள்ளைப் போர்வையை விரித்து இவற்றை வரிசையாக வைத்தேன். முடிவு தெரியாதவை நடுப்படியில் இருக்கும். சில மாதம் கழித்து மறுபடம் எடுத்துப் பார்க்கும்போது நான் சொன்னதுபோல ஆகியிருந்தால் மேல்படிக்குப் போகும். தப்பியிருந்தால் கீழ்ப்படிக்கு இறங்கும். கீழ்ப்படியில் நெரிசல் அதிகம்தான். இருந்தாலும் வருஷா வருஷம் மேல்படியும் நிறைந்துகொண்டு வந்தது. யார் என்றே தெரியாத அத்தனை பேர் தலைக்குள் இருந்ததும் என் முன்னறையில் இருந்தது. அவர்களில் ஒருவருக்கும் என்னைத் தெரியாது.

கீழே வீட்டுக்கார மாமி தனியாக இருந்தார். வெளியூருக்கு டிரங்க் கால் இணைத்துக் கொடுக்கும் டெலிபோன் ஆபரேட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமாகிவிட்டார், ஒரே பிள்ளை அமெரிக்காவில். எங்கள் இருவருக்கும் இடையில் நடந்த பேச்சு முழுவதும் தண்ணீரைப் பற்றியது. கார்ப்பரேஷன் தண்ணீர் விடியற்காலையில் எப்போதாவது வந்து எப்போதாவது நிற்கும். கீழே குழாய் உறும ஆரம்பித்ததும், ஊர் விட்டு ஊர் கேட்கப் பேசிப் பழகிய குரலில், "டாக்டர், தண்ணி வரது!" என்று மாமி கூவுவார். குடத்தைத் தூக்கிக்கொண்டு இறங்குவேன். "வரேன் மாமி", "ஆச்சு மாமி", அவ்வளவுதான். சில நாள் காலையிலிருந்து ராத்திரிவரை என்னைப் பார்த்துச் சொல்லப்பட்ட ஒரே வாக்கியம் அந்தத் தண்ணீர் வாக்கியமாக இருந்திருக்கிறது. அதற்காகவே விழித்துக்கொண்டு படுத்திருப்பேன் என்று சொன்னால் மிகை இல்லை.

ஒரு வருஷம் நவராத்திரியின் முதல் சாயங்காலம், மேல் தொட்டி வழிகிறது என்று சொல்ல மாமி மாடிக்கு வந்தார். கதவு திறந்திருந்தது. மூன்று படி, வெள்ளைத் துணி, வரிசையாக மண் பொம்மை. மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்த ஒரு பெண்மணி நவராத்திரி அன்று அதைப் பார்த்தால் வேறு என்ன நினைப்பார்?

"அடி சக்கை! கொலு வெச்சிருக்கேளா? சொல்லவே இல்லையே!"

மாமி, இதெல்லாம் மூளையில் வருகிற வியாதி என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிட்டார். என் வீட்டுக்குள் யாராவது செருப்பைக் கழற்றிவிட்டு வந்து எத்தனை காலம் ஆயிற்று என்று நினைத்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

"எல்லாம் நீங்களே பண்ணினேளா? இது மாம்பழமா, கத்திரிக்காயா?"

"காய்கறிதான் மாமி" என்றேன்.

"மரப்பாச்சி இல்லாம ஒரு கொலுவா?" என்று கீழே ஓடினார். பரணிலிருந்து இறக்கிய ஒரு ஜோடி மரப்பாச்சியைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே திரும்பி வந்து, என் தவறுகள் அடுக்கியிருந்த கீழ்ப்படியின் நடுவில் நிறுத்தினார். "அவர் போனப்புறம் எங்காத்துல வெக்கறதில்லே. வெச்சா மட்டும் யார் வரப்போறா? வெத்தலை பாக்கு நான் குடுத்தா வாங்கிக்கத் தயங்குவா. யாரும் கூப்பிடறதும் இல்லே" என்றார், ரேஷன் கடையில் சர்க்கரை இல்லை என்று சொல்வதுபோல.

எனக்குச் சுரீர் என்று கோபம் ஏறியது. வாழ்நாளெல்லாம் எத்தனை எத்தனை குடும்பங்களைக் கம்பி வழியாகச் சேர்த்து வைத்த மனுஷி, புருஷன் போனதும் ஒரு தாம்பாளத்தைத் தொடக்கூடாதாம். "இங்கே நீங்கதான் எல்லாம் பார்த்துக்கணும். எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன். அது பொய்யும் இல்லை. எங்கள் வீட்டில் கொலு வைக்கும் வழக்கமே கிடையாது.

மறுநாளிலிருந்து தெருவே மாடியேறியது. மாமி சொல்லி அனுப்பியிருக்கிறார். பட்டுப்புடவைகள் என் முன்னறையில் சம்மணமிட்டு உட்கார்ந்தன. ஒரு அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். அவருக்கு நேர் எதிரே, நடுப்படியில், குட்டிப் புடைப்போடு கூடிய ஒரு பயங்கரமான சொம்பு உட்கார்ந்திருந்தது. "கத்திரிக்காய் தத்ரூபமா இருக்கு" என்று இன்னொருவர் பாராட்டினார். நான் சுண்டல் பொட்டலம் கொடுத்தேன், மாமி சொல்லச் சொல்ல வெற்றிலை பாக்கு கொடுத்தேன். எனக்கு அது பிடித்திருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரொம்பப் பிடித்திருந்தது.

அப்படி ஒரு சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, மாமி முட்டி போட்டு உட்கார்ந்து மரப்பாச்சியின் பாவாடையைச் சரி செய்துகொண்டிருந்தார். பல்பின் வெளிச்சம் அவர் முகத்தில் நேராக விழுந்தது. இடது கண்ணின் இமை பாதி இறங்கியிருந்தது.

"தூக்கமா மாமி?"

"இந்த ஒரு கண்ணுக்கு மட்டும் தூக்கம். ரெண்டு மூணு நாளா இப்படித்தான். அந்தப் பக்கத்துத் தலையும் விண்ணுவிண்ணுன்னு இருக்கு. மூக்குக் கண்ணாடி மாத்தணும் போலிருக்கு."

டார்ச்சை எடுத்து வந்து அடித்துப் பார்த்தேன். வலது கண்ணின் பாவை வெளிச்சம் பட்டதும் சுருங்கியது. இடது பாவை அகலத் திறந்தபடி, எனக்கென்ன என்று நின்றது. எந்தக் குழாய், எந்த வளைவு, எந்த நரம்பைப் புடைப்பு அழுத்துகிறது என்பதெல்லாம் படம் இல்லாமலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. முகம் தெரியாத எத்தனையோ பேருக்குச் சொன்னதை, முகத்துக்கு நேரே ஒருவருக்கு நான் சொன்னதே இல்லை.

"கிளம்புங்க மாமி, ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"இப்பவா? நாளைக்குக் கொண்டைக்கடலை ஊறப் போட்டிருக்கேனே!"

"ஊறட்டும்."

ஆட்டோவில் ஏறியதும், "பள்ளத்துல எறக்காம ஓட்டுங்க" என்று நான் கத்த, டிரைவர் திரும்பிப் பார்த்து, "ரோடே பள்ளமாத்தான் கீது மேடம், நான் இன்னா ஆகாசத்துலயா ஓட்றது?" என்றார். மாமி சிரித்தார். நான் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவர் தலையைக் கையால் தாங்கிக்கொண்டே போனேன்.

மறுநாள் ஆஞ்சியோ எடுத்தார்கள். ஈரம் காயாத படத்தைத் துறைத் தலைவர் விளக்குப் பெட்டியில் மாட்டினார். முன்னாலிருந்து பார்த்தால் அழகான சொம்பு. குறுகிய வாய், உருண்ட வயிறு. பக்கவாட்டுப் படத்தில் குழாயின் ஒரு வளைவு வந்து வாயை மறைத்திருந்தது. "சுருள் வெக்கறதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. மண்டையைத் தொடவே வேண்டாம்" என்றார் அவர். எல்லோருக்கும் நிம்மதி, எனக்கும்தான். மாமியின் மாற்றுப் புடவை எடுத்து வர வீட்டுக்குப் போனேன். பையில் அந்த இரண்டு படங்களும் இருந்தன.

கீழ் வீட்டுச் சமையலறையில் கொண்டைக்கடலை ஊறி, நுரை கட்டிப் பாத்திரத்தின் விளிம்புவரை உப்பியிருந்தது. அதைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு மாடிக்குப் போய்ப் படங்களை ஜன்னலில் ஒட்டினேன். மண்ணை நனைத்துப் பிசைந்தேன். முன்படத்துக்குச் சரியாக ஒரு சொம்பை உருட்டினேன். அதைப் பக்கவாட்டில் திருப்பிப் படத்தோடு ஒப்பிட்டால் பொருந்தவில்லை. வளைவுக்கு இருபுறமும் நிழல் கசிந்திருந்தது. சொம்பின் வாய் அவ்வளவு சிறியதாக இருந்தால் அந்த நிழலுக்கு அங்கே வேலையே இல்லை. வாயை முன்னும் பின்னுமாக இழுத்து அகலமாக்கினேன். இப்போது இரண்டு படத்துக்கும் பொருந்தியது. தோசைக்கல்லை விளிம்பிலிருந்து பார்த்தால் ஒரு கோடுதான் தெரியும். நாங்கள் பார்த்தது விளிம்பை. உள்ளே இருந்தது சொம்பு இல்லை, நெடுக வாயைத் திறந்த கிண்ணம்.

கொண்டை ஊசியை எடுத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பெருக்கல் குறி போட்டால் சுருள் கிடையாது, மண்டையைத் திறக்க வேண்டும். மாமியின் வயதுக்கு அது சின்ன விஷயம் இல்லை. எழுந்திருக்காமலே போகலாம், எழுந்தாலும் பேச்சு போகலாம். அந்தக் குரல் போகலாம். நேர்கோடு போட்டுவிட்டுச் சும்மா இருந்தாலோ, சுருள் வழிந்து வந்து எல்லாமே போகலாம். யார் யாருக்கோ நிமிஷத்தில் கீறியவள் நான். இதற்குக் கை வரவில்லை. கீறாமலே அதைப் பஞ்சில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

துறைத் தலைவர் அதைப் பார்த்ததும், "என்ன இது, கொழுக்கட்டையா?" என்றார். அவருக்கு என் சாயங்கால வேலை தெரியாது. படத்தை மாட்டி, மண்ணை அதன் பக்கத்தில் பிடித்து, மெதுவாகத் திருப்பிக் காட்டினேன். அவர் அதை வாங்கி இரண்டு மூன்று முறை தானே திருப்பிப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"சாய்ச்சு வெச்சு இன்னொரு படம் எடுக்கணும்கறீங்க. எடுத்துடலாம். ஆனா நீங்க சொல்றது சரியா இருந்தா ஆபரேஷன்தான். தப்பா இருக்கணும்னு வேண்டிக்குங்க."

"அதைத்தான் சார் வேண்டிக்கிட்டிருக்கேன்" என்றேன். என் வாழ்க்கையில் நான் தப்பாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

சாய்த்து எடுத்த படத்தில் வாய் அகலத் திறந்திருந்தது. கிண்ணமேதான்.

அமெரிக்காவிலிருந்து பிள்ளை வந்து சேர்ந்தார். கையெழுத்துப் போட்டார். ஆபரேஷனுக்கு முன்னால் மாமியைப் பார்க்கப் போனேன். தலையை மழித்திருந்தார்கள். அடையாளமே தெரியாமல் ஒரு சின்னப் பெண்போல இருந்தார். என்னை எப்போது நீ என்று கூப்பிட ஆரம்பித்தார் என்று நினைவில்லை, அன்று நீதான்.

"உன் கொலுவுல என்னோடதும் இருக்கா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அது காய்கறி இல்லைன்னு எப்போ தெரியும் மாமி?"

"அன்னிக்கே தெரியும். எந்தக் கத்திரிக்காய் குழாய்ல ஒட்டிண்டு காய்க்கும்? கொலு இல்லேன்னு நீ சொல்லலே. சரி, நம்மளை ஒரு ஆத்துல கொலுவுக்குச் சேத்துக்கறாளேன்னு நானும் கேக்கலே." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "எந்தப் படியில வெச்சிருக்கே?"

"நடுப்படி. இன்னும் தெரியாதுன்னு அர்த்தம்."

"அப்போ மேல்படிக்கு ஏறிடறேன், இரு." பிறகு, "டிரங்க் கால்ல மூணு நிமிஷம் ஆச்சுன்னா நடுவுல பூந்து, 'எக்ஸ்டெண்ட் பண்ணட்டுமா'ன்னு கேக்கணும். ரூல் அது. யாராவது அழுதுண்டிருந்தா நான் கேக்காம விட்டுடுவேன். திட்டு வாங்கியிருக்கேன்" என்றார். என் கண்ணைப் பார்த்துவிட்டுத்தான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். "மூணு நிமிஷம் ஆயிடுத்து. நீ போ."

பிள்ளை வராந்தாவில் நின்றார். நான் படிக்கட்டில் உட்கார்ந்தேன். படம் பார்க்கிறவர்களுக்குக் காத்திருந்து பழக்கம் கிடையாது. எங்களுக்கு எல்லாமே கறுப்பு வெள்ளையில் முடிந்து வரும். அன்று காத்திருந்தேன். அறுவை மருத்துவர் வெளியே வந்து, என்னைப் பார்த்து இரண்டு கையையும் கிண்ணம்போலக் குவித்துக் காட்டி, அதன் வாயை மூடினார். கிளிப் சரியாக உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம்.

மாமி எழுந்தார். குரல் போகவில்லை. நினைவு தெளிந்ததும் நர்ஸைப் பார்த்து முதலில் கேட்டது, குழாயில் தண்ணீர் வருகிறதா என்றுதான். இமை மட்டும் உடனே ஏறவில்லை. வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக, ஜன்னல் திரையைத் தூக்குவதுபோல ஏறிக்கொண்டு வந்தது. நான் தினமும் வேலை முடிந்து அவர் வார்டுக்குப் போனேன். மாடியில் அந்த மண் உருண்டையை எடுத்து மேல்படியில் வைத்தேன். அதன் அடியில் கீறல் எதுவும் இல்லை.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் பிள்ளை என்னிடம் வந்தார். நல்ல மாதிரியான மனிதர், அம்மாவின் கால் பிடித்துவிடக் கூச்சப்படாதவர்.

"டாக்டர், நீங்க சொல்லுங்க. அம்மா இனிமே தனியா இருக்கலாமா?"

தனியாக எங்கே இருக்கிறார், மாடியில் நான் இருக்கிறேனே என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. ஆனால் காலையில் போனால் இருட்டிய பிறகு திரும்புகிறவள் நான். பகலில் ஒரு வலிப்பு வந்தால் மாமி கூப்பிட்டு யாருக்குக் கேட்கும்? பிள்ளை கேட்டது டாக்டரிடம். டாக்டர்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"கொஞ்ச காலத்துக்குக் கூட யாராவது இருக்கிறது நல்லது" என்றேன்.

"நானும் அதான் நினைச்சேன். ஒரு ஆள் எத்தனை நாள்தான் தனியா இருக்க முடியும்?" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார், ஆனால் என்னை நினைத்துச் சொல்லவில்லை. நான் தலையாட்டினேன்.

வடிவத்தைப் பார்த்து முடிவு சொல்லத் தெரிந்தவள் என்று எனக்கொரு கர்வம் உண்டு. மாமியின் தலைக்குள் இருந்ததைச் சரியாகச் சொன்னேன். மாமி பிழைத்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் கணக்கில் எடுக்கவே இல்லை. பிழைத்தவர்களை அவரவர் வீட்டார் அழைத்துப்போவார்கள். இது தெரிய ஆஞ்சியோ தேவையில்லை.

பொங்கல் கழிந்து அமெரிக்காவுக்குக் கிளம்பினார்கள். முடி ஒன்றரை அங்குலம் வளர்ந்து, குரோம்பேட்டையில் இருந்த மாமியின் அக்கா பின்னிக் கொடுத்த கம்பளிக் குல்லாய்க்குள் இருந்தது. மாமி மாடியேறி வந்து, தன்னுடைய மண் உருண்டையைத் தானே எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார். வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தார்.

"மரப்பாச்சி இங்கேயே இருக்கட்டும். ஆரம்பிச்சுட்டே, இனிமே ஒரு வருஷம்கூட விடப்படாது. ஞாபகம் வெச்சுக்கோ" என்றார். கட்டிக்கொள்ளலாமா என்று இருவரும் ஒரு கணம் தயங்கினோம். எங்கள் இரண்டு பேருக்குமே அந்தப் பழக்கம் இல்லை. அவர் என் தோளில் இருந்த தூசியைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். தூசி எதுவும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

கீழ் வீடு பூட்டிக் கிடந்தது. விடியற்காலையில் கூவ ஆள் இல்லாததால் பல நாள் தண்ணீர் வந்து போனதே தெரியாது. லாரித் தண்ணீர் வாங்கினேன். பிறகு என் காதே விழித்துக்கொள்ளப் பழகியது. குழாய் உறுமும் சத்தம் கேட்டதும் தானாக எழுந்து இறங்குவேன். குடம் நிரம்பும்வரை பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். சில சமயம் நாள் முழுக்க ஒருவரும் என்னிடம் எதுவும் சொல்லாமலே போய்விடும்.

அடுத்த நவராத்திரிக்கு வெள்ளைப் போர்வையைத் துவைத்து விரித்தேன். மரப்பாச்சிக்குப் பாவாடை மாற்றினேன். கொண்டைக்கடலையை அளவு தெரியாமல் நிறைய ஊறப் போட்டுவிட்டேன். தெருவிலிருந்து சிலர் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், பாடினார்கள். போன வருஷம் பாடிய அம்மாள், "மேல்படியில ஒரு இடம் காலியா இருக்கே" என்றார். அப்படியே இருக்கட்டும் என்றேன். அவர்கள் போன பிறகு மிச்சமிருந்த சுண்டலைத் தனியாக உட்கார்ந்து தின்றேன். ருசியாகத்தான் இருந்தது, அதனால் இன்னும் எரிச்சலாக வந்தது.

மறுநாள் விடியும் முன் டெலிபோன் அடித்தது. எடுத்ததுமே அந்தக் குரல்.

"கொலு வெச்சியா?"

"வெச்சேன் மாமி."

"சுண்டல்?"

"கொண்டைக்கடலை."

"நல்லது. இங்கே நானும் ரெண்டு பலகையைப் போட்டு வெச்சிருக்கேன். உன் மாம்பழத்தை வெக்கலாம்னு பெட்டியைத் திறந்தா, கைக்குட்டையில வெறும் பொடிதான் இருக்கு. என்னோடது மண்ணாப் போயிடுத்து. நான் நன்னா இருக்கேன்!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். இமை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ரெண்டும் ஒண்ணா முழிக்கறது என்றார். பேரன் தமிழ் பேசுவதில்லை, வாசலில் ஒரு ஈ காக்கை இல்லை, குழாயைத் திருகினால் நாளெல்லாம் தண்ணீர் கொட்டுகிறது என்றார்.

"மூணு நிமிஷம் ஆயிடுத்து. எக்ஸ்டெண்ட் பண்ணட்டுமா?"

"பண்ணுங்க மாமி."

பேசாமல் இருந்தோம். அவரும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. கம்பியில் கடல் இரைவதுபோல ஒரு சத்தம், அதன் அந்தப் பக்கம் அவர் மூச்சு. அப்போது கீழே, பூட்டிய வீட்டின் வாசலில், குழாய் உறும ஆரம்பித்தது.

"மாமி, தண்ணி வரது!" என்றேன்.